சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்
பழைய காசுகளை இணையத்தில் விற்கும் முன் தபால் செலவைக் கணக்குப் போடுவோம்

(தாராபுரத்தில் இணையவழிச் சேவைகள் பற்றிய விழிப்புணர்வுக் கூட்டத்தில் நமது இதழின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் பேச வந்திருப்பது ரொம்பச் சின்னப் பொருளைப் பற்றி. உள்ளங்கையில் பத்து, பதினைந்து அடங்கிவிடும். பழைய காசு! பீரோவில் அம்மா வைத்திருந்த டப்பாவில், தாத்தாவின் சுருக்குப் பையில், மளிகைக் கடை கல்லாவின் மூலையில் என்று எல்லா வீட்டிலும் கொஞ்சம் கிடக்கும். காண்டாமிருகம் போட்ட 25 காசு, ஆறு முனை உள்ள 20 காசு, பூ மாதிரி விளிம்பு வளைந்த 10 காசு. இவற்றைச் சேகரிப்பவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவிலும் பேஸ்புக்கிலும் இவை விலைக்குப் போகின்றன. அதைப் பார்த்துவிட்டு, 'நாமும் விற்கலாமே' என்று நம் ஊரிலும் பல மாணவர்கள், வீட்டிலிருக்கும் பெண்கள், ஓய்வு பெற்றவர்கள் கேட்கிறார்கள்.

தாராளமாக விற்கலாம். ஆனால் காசுக்கு என்ன விலை கிடைக்கும் என்று கேட்பதற்கு முன்னால், அதை அனுப்ப என்ன செலவு ஆகும் என்று கேளுங்கள். நம் பெரியவர்கள் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள்: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அந்தப் பழமொழியில் வருகிற 'பணம்' என்பதே ஒரு காலத்தில் இங்கே புழங்கிய காசின் பெயர்தான். இப்போது காசே சுண்டைக்காய் ஆகிவிட்டது. சுமைகூலியை வாங்குவது தபால் நிலையம்.

இந்தப் பகுதிச் சின்ன வெங்காய விவசாயிகளுக்கு இது புதிதில்லை. சந்தையில் விலை என்ன என்பதோடு லாரி வாடகையையும் மூட்டைக் கூலியையும் சேர்த்துப் பார்த்துத்தான் சரக்கை ஏற்றுவார்கள். அதே கணக்கைத்தான் இங்கேயும் போடப் போகிறோம்.

முப்பது ரூபாய் காசுக்கு ஐம்பத்தைந்து ரூபாய் தபால்

முன்பு சின்னப் பொருளை அனுப்புகிறவர்களுக்குப் பதிவுத் தபால் கைகொடுத்தது. 20 கிராம் வரை ஜி.எஸ்.டி.யோடு ஏறத்தாழ 26 ரூபாயில் முடிந்துவிடும். ரசீது கிடைக்கும், எண் கிடைக்கும், வாங்குபவர் கையெழுத்துப் போட்டு வாங்குவார். நாணயம் சேகரிப்பவர்களும் தபால்தலை சேகரிப்பவர்களும் அதை நம்பியே இருந்தார்கள்.

2025-ல் அஞ்சல் துறை பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட் சேவையோடு இணைத்துவிட்டது. 2025 அக்டோபர் 1 முதல் ஸ்பீடு போஸ்டுக்கும் புதுக் கட்டணம் வந்தது. அதற்கு முன் கட்டணம் மாறியது 2012 அக்டோபரில்.

புதுக் கட்டணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உள்நாட்டு ஆவணப் பிரிவில் 50 கிராம் வரை உள்ளூருக்குள் 19 ரூபாய். உள்ளூரைத் தாண்டிவிட்டால் திருப்பூராக இருந்தாலும் டெல்லியாக இருந்தாலும் 47 ரூபாய். இதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. அப்படியானால் உள்ளூருக்கு 22 ரூபாய் 42 காசு, வெளியூருக்கு 55 ரூபாய் 46 காசு.

51 கிராமிலிருந்து 250 கிராம் வரை தூரத்தைப் பொறுத்து மாறும். 200 கிலோமீட்டர் வரை 59 ரூபாய், 201 முதல் 500 வரை 63, 501 முதல் 1,000 வரை 68, 1,001 முதல் 2,000 வரை 72, அதற்கும் மேலே 77. எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. தனி. தாராபுரத்திலிருந்து கோவைக்கு என்றால் வரியோடு 69 ரூபாய் 62 காசு. டெல்லிக்கு என்றால் 90 ரூபாய் 86 காசு.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இது ஆவணப் பிரிவுக்கான கட்டணம். பொருளைப் பெட்டியில் போட்டுப் பார்சலாகக் கொடுத்தால் பார்சல் கட்டணம்தான் போடுவார்கள். அதனால் கவுன்டரில் 'உள்ளே காசு இருக்குதுங்க' என்று உண்மையைச் சொல்லி, எந்தப் பிரிவில் எடுப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தியா போஸ்ட் இணையதளத்தில் கட்டணம் பார்க்கும் வசதி இருக்கிறது. இரண்டு பின்கோடும் எடையும் கொடுத்தால் போதும். விளம்பரம் போடுவதற்கு முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும். விற்ற பிறகு பார்த்துப் பயனில்லை.

இப்போது ஒரு கணக்கு. ஒருவர் 30 ரூபாய்க்கு ஒரு காசு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தபால் 55 ரூபாய். வாங்குபவர் மொத்தம் 85 ரூபாய் கொடுக்க வேண்டும். அவர் பார்வையில் அது 30 ரூபாய் காசு இல்லை, 85 ரூபாய் காசு. 'வேண்டாங்க' என்று போய்விடுவார். சரி, தபாலை நானே ஏற்றுக்கொள்கிறேன் என்று விற்பவர் சொன்னால், கையிலிருந்து 25 ரூபாய் போகும். கவர், அட்டை, வண்டிக்குப் பெட்ரோல் எல்லாம் அதற்கு மேலே. இப்படி நாலு காசு விற்றால் 100 ரூபாய் நஷ்டம். விற்க விற்க நஷ்டம் கூடும்.

முதலில் எடை, பிறகு விலை

அதற்கு வழி என்ன? காசின் எடையில் இருக்கிறது.

நம் காசுகளின் எடை கொஞ்சம் வேடிக்கையானது. 1990-களில் வந்த கனமான 5 ரூபாய்க் காசு ஒன்று 9 கிராம். அலுமினியத்தில் வந்த 1 காசு முக்கால் கிராம், 2 காசு 1 கிராம், 3 காசு ஒன்றேகால் கிராம், 5 காசு ஒன்றரை கிராம், 10 காசு 2.3 கிராம், 20 காசு 2.2 கிராம். இந்த ஆறையும் சேர்த்தால் எவ்வளவு? அதுவும் 9 கிராம்தான்! தபால் நிலையத்துத் தராசுக்கு ஒரு 5 ரூபாய்க் காசும் ஒன்று, முழு அலுமினியத் தொகுப்பும் ஒன்று. சேகரிப்பவருக்கு அப்படி இல்லை. தொகுப்பாகக் கிடைத்தால் அவருக்குத் தேடுகிற வேலை மிச்சம்.

2009-க்குப் பிறகு வந்த மஞ்சள் நிற 5 ரூபாய்க் காசு 6 கிராம். பொள்ளாச்சிப் பகுதியில் பிறந்த சி. சுப்பிரமணியம் அவர்களின் நூற்றாண்டுக்காக 2010-ல் வந்த 5 ரூபாய்க் காசு இந்த வகை. காண்டாமிருக 25 காசு 2.83 கிராம். 2011 வரிசை 1 ரூபாய் 3.79 கிராம், 2 ரூபாய் 4.85 கிராம்.

இனி 50 கிராமுக்குள் எத்தனை அடங்கும் என்று பாருங்கள். கவரும் அட்டையும் ஹோல்டரும் சேர்ந்து 15 கிராம் என்று வைத்துக்கொண்டால், காசுக்கு மிச்சம் 35 கிராம். 6 கிராம் காசு என்றால் ஐந்து. காண்டாமிருகக் காசு என்றால் பன்னிரண்டு. அலுமினியத் தொகுப்பு என்றால் மூன்று, அதாவது பதினெட்டு காசு. தபால் செலவு எல்லாவற்றுக்கும் அதே 55 ரூபாய் 46 காசுதான். ஒரு காசு அனுப்பினால் தலைக்கு 55 ரூபாய். ஐந்து அனுப்பினால் தலைக்கு 11 ரூபாய். பன்னிரண்டு அனுப்பினால் 4 ரூபாய் 62 காசு. பதினெட்டு அனுப்பினால் 3 ரூபாய் சொச்சம்.

ஆகவே மலிவான காசை ஒன்று ஒன்றாக விற்காதீர்கள். தொகுப்பாக விற்றுப் பாருங்கள். ஒரே வகைக் காசை ஆண்டு வரிசையில் சேர்க்கலாம். நாணயச் சாலை வாரியாகவும் சேர்க்கலாம். காசில் ஆண்டுக்குக் கீழே உற்றுப் பாருங்கள். வைர வடிவம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. ஒரே ஆண்டுக் காசு நான்கு சாலைகளிலிருந்தும் இருந்தால் அது ஒரு அழகான தொகுப்பு. தமிழ்நாடு சம்பந்தப்பட்ட நினைவுக் காசுகள் இன்னொரு தொகுப்பு. 1995-ல் உலகத் தமிழ் மாநாட்டுக்காக வந்த திருவள்ளுவர் காசு, காமராஜர் நூற்றாண்டுக் காசு, அண்ணா நூற்றாண்டுக் காசு, தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக் காசு என்று சேர்த்துக்கொண்டே போகலாம்.

பழமொழியையே திருப்பிப் போட்டு ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். சுண்டைக்காய் முக்கால் பணமாக இருக்கட்டும், சுமைகூலி கால் பணமாக இருக்கட்டும். வாங்குபவர் கொடுக்கும் மொத்தத் தொகையில் தபால் கால் பங்கைத் தாண்டக் கூடாது. தபால் 55 என்றால் மொத்தம் 220 வர வேண்டும். அதாவது காசுகளின் விலை மட்டும் குறைந்தது 165 ரூபாய்க்கு இருக்கணும். அதற்குக் கீழே வரும் ஆர்டரை 'இன்னும் இரண்டு எடுத்துக்குங்க, தபால் ஒண்ணுதான்' என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் எடுப்பார்கள். அவர்களுக்கும் அதுதானே லாபம்!

51-வது கிராம்

ஐம்பது கிராம் வரை ஒரு கட்டணம், ஐம்பத்தொன்றிலிருந்து இன்னொரு கட்டணம். சென்னை போன்ற தூரத்துக்கு 47 ரூபாய் 63 ஆகிவிடும். டெல்லிக்கு என்றால் 77. ஒரு கிராமுக்காக வரியோடு 35 ரூபாய் கூடப் போகும். அதனால் வீட்டிலேயே ஒரு சின்ன டிஜிட்டல் தராசில் எடை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தராசு இல்லாதவர்கள் தெரிந்த நகைக்கடையிலோ மளிகைக் கடையிலோ ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம்.

எடை குறைய வேண்டும் என்பதற்காகக் காசை வெறும் கவரில் போட்டு அனுப்பிவிடக் கூடாது. கவருக்குள் உருண்டு ஓடுகிற காசு ஓரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே விழுந்துவிடும். ஒவ்வொரு காசையும் அட்டை ஹோல்டரில் வைத்து, அந்த ஹோல்டர்களை ஒரு கெட்டி அட்டையில் அசையாமல் ஒட்டுங்கள். மேலே இன்னொரு அட்டை வைத்துக் கட்டி, பிறகு கவரில் போடுங்கள். கவரைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். சத்தம் கேட்டால் மறுபடி பிரித்துக் கட்டுங்கள். உள்ளே காசு இருப்பது கையால் தொட்டால் தெரியக் கூடாது. செல்லோ டேப்பைக் காசின் மேல் நேரடியாக ஒட்டவே கூடாது. பசை கறை பிடித்துவிடும். மெதுவான பி.வி.சி. கவரில் நாள்கணக்கில் வைத்தாலும் காசில் பச்சை பிடிக்கும். பழைய காசைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி அனுப்புகிறவர்களும் உண்டு. சேகரிப்பவர்களுக்கு அது பிடிக்காது. விலை குறைந்துவிடும்.

சேர்த்து வைத்து அனுப்பலாம்

சேகரிப்பாளர்களிடையே நல்ல பழக்கம் ஒன்று உண்டு. வாங்கிய காசை உடனே அனுப்பச் சொல்லாமல், 'எடுத்து வையுங்க, மாசக் கடைசியில் சேர்த்து அனுப்புங்க' என்பார்கள். விற்பவர் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு கவர் போட்டு, வாங்கியதை அதில் சேர்த்துக்கொண்டே வருவார். நாலு தடவை வாங்கியதற்கு ஒரே தபால் செலவு. 222 ரூபாய் ஆக வேண்டியது 55 ரூபாயில் முடியும்.

இதற்குக் கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும். எந்தத் தேதியில் எந்தக் காசு, எவ்வளவு பணம் வந்தது என்பதை நோட்டில் எழுதுங்கள், படமும் எடுத்து அவருக்கு அனுப்பிவிடுங்கள். பணம் முழுக்க வாங்கிவிட்டு மாதக்கணக்கில் அனுப்பாமல் இருந்தால் நம்பிக்கை போய்விடும். இந்த வியாபாரத்தில் முதலே நம்பிக்கைதான்.

மாணவர்களுக்கு ஒரு தகவல். புதுக் கட்டணத்தோடு மாணவர்களுக்கு ஸ்பீடு போஸ்டில் 10 சதவீதத் தள்ளுபடியும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதை எப்படிப் பெறுவது என்று அடையாள அட்டையோடு கவுன்டரில் கேளுங்கள்.

வெளிநாட்டில் இதை வேறு மாதிரி சமாளிக்கிறார்கள். அமெரிக்காவில் ஈபே தளம், மலிவான காசு, தபால்தலை, விளையாட்டு அட்டை விற்பவர்களுக்காகவே 'ஸ்டாண்டர்டு என்வலப்' என்று ஒரு குறைந்த செலவு வசதி வைத்திருக்கிறது. சாதாரண கடிதம் போலத்தான் போகும், ஆனால் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். அங்கேயும் பிரச்சினை இதேதான். பொருளை விடப் பயணச் செலவு கூடிப்போனது. நமக்கு இப்போதைக்குக் கைவசம் உள்ள வழி, எடையைப் பார்த்துச் சேர்த்து அனுப்புவது.

ஐந்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டினால் ஆகாதா?

ஒரு அக்கா முன்கூட்டியே கேட்டுவிட்டார்: 'ஏனுங்க, கடிதம் போல அஞ்சு ரூபாய் ஸ்டாம்பு ஒட்டிப் பெட்டியில் போட்டால் போகாதா?' நியாயமான கேள்விதான்.

சாதாரணத் தபாலில் ரசீது இல்லை, கண்காணிப்பு எண் இல்லை. 'வரவில்லை' என்று வாங்கியவர் சொன்னால், அனுப்பினேன் என்று காட்ட உங்களிடம் எதுவுமே இருக்காது. நீங்கள் பணத்தைத் திருப்பிக் கொடுப்பீர்கள், அல்லது அவர் உங்களைக் குழுவில் ஏமாற்றுக்காரர் என்று எழுதுவார். 50 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய்ப் பெயரை இழப்பது எதற்குங்க? அறிமுகம் இல்லாதவருக்குக் காசைச் சாதாரணத் தபாலில் அனுப்பாதீர்கள். புத்தகங்களுக்காக 2025 மே 1-ல் தொடங்கிய 'ஞான் போஸ்ட்' சேவையையும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அது புத்தகங்கள், அச்சிட்ட கல்விப் பொருள்களுக்கானது.

ஸ்பீடு போஸ்டில் எண் உண்டு, எஸ்.எம்.எஸ். தகவலும் வரும். கூடுதலாக 5 ரூபாயும் வரியும் கொடுத்தால் பதிவு வசதி சேரும். முகவரிதாரர் கையிலோ அவர் அனுமதித்தவர் கையிலோதான் கொடுப்பார்கள். இன்னொரு 5 ரூபாயும் வரியும் கொடுத்தால், ஓ.டி.பி. சொன்னால்தான் தபால்காரர் கொடுப்பார். 'கைக்கு வரவே இல்லை' என்ற தகராறுக்கு இது நல்ல மருந்து.

ஆனால் ஒன்று. தபால் தொலைந்தால் கிடைக்கும் இழப்பீடு நீங்கள் கட்டிய கட்டணத்தை ஒட்டித்தான் இருக்கும், உள்ளே இருந்த காசின் விலையை ஒட்டி அல்ல. 200 ரூபாய்த் தொகுப்புக்கு அது பெரிய கவலை இல்லை. ஆயிரக்கணக்கில் மதிப்புள்ள வெள்ளிக் காசு என்றால் காப்பீடு செய்து அனுப்புங்கள்.

தனியார் கூரியரும் நம் ஊரில் இருக்கிறது. தமிழ்நாட்டுக்குள் சில இடங்களுக்குச் செலவு குறையவும் செய்யலாம். ரசீதின் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படியுங்கள். பணம், நாணயம், நகை ஏற்பதில்லை என்று பல நிறுவனங்கள் போட்டிருப்பார்கள். அதை மறைத்து அனுப்பினால், தொலையும்போது கேட்க வழி இருக்காது.

தபால் செலவை முதலிலேயே சொல்லுங்கள்

'காசு 30 ரூபாய் மட்டுமே' என்று பெரிதாகப் போட்டு, பணம் கட்டும்போது தபாலைச் சேர்ப்பது நல்ல வழக்கமில்லை. 2020-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, இணையச் சந்தைத் தளத்தில் விற்பவர் மொத்த விலையையும், அதில் டெலிவரி, தபால், கையாளும் கட்டணம், வரி என்று பிரித்தும் காட்ட வேண்டும். முதலில் குறைந்த விலை காட்டிக் கடைசியில் கட்டணம் ஏற்றுவதை, 2023 நவம்பர் 30-ல் வந்த வழிகாட்டு நெறிமுறைகள் ஏமாற்று வடிவமைப்புகளில் ஒன்றாகவே பட்டியலிட்டுள்ளன.

வீட்டில் கிடந்த காசை எப்போதாவது விற்கும் தனிநபருக்கு மின்வணிக விதிகள் பொருந்தாது. தொடர்ந்து தொழிலாகச் செய்தால் பொருந்தும். பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும் வெளிப்படையாகச் சொல்வது நமக்குத்தான் நல்லது. 'பத்து காசு 180 ரூபாய், ஸ்பீடு போஸ்ட் 56, மொத்தம் 236, இரண்டாவது தொகுப்பு எடுத்தால் எடையைப் பார்த்துத் தபால் சொல்கிறேன்' என்று எழுதுங்கள். கேள்வி குறையும், பேரம் குறையும்.

இருபக்கமும் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள். கீறல் இருந்தால் காட்டுங்கள். படத்தில் இல்லாத கீறல் கையில் இருந்தால் அவர் திருப்பி அனுப்புவார். போக 55, வர 55. 180 ரூபாய் வியாபாரத்தில் 110 ரூபாய் ரோட்டிலேயே போய்விடும். முகவரியில் ஆறு இலக்க பின்கோடும் கைப்பேசி எண்ணும் சரியா என்று இரண்டு தடவை பாருங்கள். தாராபுரத்துக்கு 638656 என்று நமக்குத் தெரியும். வாங்குபவரின் பின்கோடை அவரே எழுத்தில் அனுப்பட்டும்.

அனுப்பவே கூடாத காசுகள்

நம்ம அமராவதி ஆற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இதே ஆறு கரூருக்குப் போகிறது. அங்கே ஆற்றுப் படுகையில் சங்க காலச் சேரர் காசுகளும் ரோமானியக் காசுகளும் கிடைத்திருக்கின்றன. கொங்கு மண்ணில் பல இடங்களில் ரோமானியக் காசுப் புதையல்கள் வெளிப்பட்டிருக்கின்றன. அதனால் தோட்டத்தில் குழி தோண்டும்போதோ ஆற்று மணலிலோ பழங்காசு கண்ணில் பட்டால், அதைப் படம் எடுத்து விற்பனைக்குப் போடாதீர்கள். 1878-ம் ஆண்டு புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்தது 10 ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ சொன்னால் வழி காட்டுவார்கள்.

அடுத்தது, நூறு ஆண்டு கடந்த காசு. 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டம் அதைத் தொல்பொருள் என்கிறது. அதைத் தொழிலாக விற்க உரிமம் வேண்டும். தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் நம்மவர்கள் புதுக் காசாகவே கேட்டாலும் கவனம் தேவை. காப்பீடு செய்யாத சாதாரணப் பன்னாட்டுத் தபாலில் நாணயம் வைப்பதை உலக அஞ்சல் ஒன்றிய விதிகள் தடை செய்கின்றன. சேரும் நாட்டின் விதியும் இருக்கிறது. ஊருக்கு வரும்போது கையில் வாங்கிக்கொள்ளச் சொல்வது சுலபம்.

'கூரியர் சார்ஜ் முதலில் கட்டுங்க' என்றால்

இனி நான் சொல்லப்போவதை வீட்டில் உள்ள பெரியவர்களிடமும் சொல்லுங்கள். இதுவரை தபால் செலவில் போகும் ஐம்பது, நூறைப் பற்றிப் பேசினோம். தபால் செலவு என்ற பெயரிலேயே ஆயிரக்கணக்கில் பறிக்கும் கூட்டமும் இருக்கிறது.

'வைஷ்ணவி தேவி படம் போட்ட 5 ரூபாய்க் காசு இருக்கிறதா? லட்சக்கணக்கில் வாங்குகிறோம்' என்று வீடியோ வரும். நம்பி எண்ணைக் கொடுத்தால், ஒருவர் மரியாதையாகப் பேசுவார். 'உங்க காசை எங்க ஆள் வந்து எடுத்துக்குவார். கூரியர் சார்ஜ் 750 மட்டும் அனுப்புங்க' என்பார். அனுப்பினால், அடுத்து இன்சூரன்ஸ். அதற்கடுத்து ஜி.எஸ்.டி. பிறகு ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட ஒரு கடிதம் வரும், அதற்கு ஒரு கட்டணம். கடைசிவரை காசை எடுக்க யாரும் வரமாட்டார்கள்.

2021 ஆகஸ்ட் 4-ல் ரிசர்வ் வங்கியே இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. பழைய நோட்டு, காசு வாங்குவது விற்பதில் ரிசர்வ் வங்கிக்கு எந்தத் தொடர்பும் இல்லை. இதற்காக அது கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை. தன் சார்பில் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவும் இல்லை.

கணக்கை மட்டும் பாருங்கள். உண்மையான விற்பனையில் பணம் வாங்குபவரிடமிருந்து விற்பவருக்கு வரும். தபால் செலவும் அதோடு சேர்ந்து வரும். விற்கிற நீங்கள் முதலில் பணம் அனுப்ப வேண்டும் என்று யாராவது சொன்னால், அங்கே விற்பனையே இல்லை. யு.பி.ஐ.யில் பணம் வாங்க பின் நம்பர் போடத் தேவையில்லை, க்யூ.ஆர். ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. அப்படிக் கேட்டால் உங்கள் கணக்கிலிருந்து எடுக்கத்தான் கேட்கிறார்கள்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே நிறுத்த அவ்வளவு வாய்ப்பு. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம்.

விற்கத்தான் வேண்டுமா?

கடைசியாக ஒரு தம்பி கேட்டார்: 'இவ்வளவு கணக்குப் பார்த்தால் என்னங்க மிச்சம்?' உண்மையைச் சொல்ல வேண்டும். சாதாரணக் காசுகளை விற்று யாரும் பெரிய வருமானம் பார்த்துவிட முடியாது. 25 காசும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30-லிருந்து செல்லாது. கோடிக்கணக்கில் அடித்த காசுகள் அவை. அரிதானவை என்று சொல்ல முடியாது. ஆனால் பத்துப் பதினைந்து தொகுப்பு தயார் செய்து, எடை பார்த்து, மாதம் ஒரு நாள் தபால் நிலையத்துக்குப் போனால், கைச்செலவுக்கு ஆகும். கோவை, திருப்பூரில் இருப்பவர் வாங்கினால், அந்தப் பக்கம் போகும்போது பத்துப் பேர் நடமாடும் இடத்தில் கையில் கொடுத்துவிடலாம். சுமைகூலியே இல்லை.

விற்காமல் வைத்திருந்தாலும் தப்பில்லை. அந்த டப்பாவைத் திறந்து பிள்ளைகளுக்கு 3 காசு என்று ஒன்று இருந்ததைக் காட்டுங்கள். நம்பவே மாட்டார்கள்.



நினைவில் வைக்க

• விளம்பரம் போடும் முன் எடை, பின்கோடு வைத்துத் தபால் கட்டணம் பாருங்கள்.
• 50 கிராம் வரை ஸ்பீடு போஸ்ட் (ஆவணப் பிரிவு): உள்ளூர் 19 ரூபாய், வெளியூர் 47 ரூபாய். ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனி.
• பதிவு வசதிக்கு 5 ரூபாய், ஓ.டி.பி. வசதிக்கு 5 ரூபாய். ஜி.எஸ்.டி. தனி.
• மொத்தத் தொகையில் தபால் கால் பங்கைத் தாண்டாமல் தொகுப்பாக விற்கவும்.
• ரசீதை, பொருள் சேர்ந்த தகவல் வரும்வரை பத்திரமாக வைக்கவும்.
• விற்பவரிடம் முன்பணம் கேட்டால் அது மோசடி.

உதவி எண்கள்
அஞ்சல் துறை: 1800 266 6868
தேசிய நுகர்வோர் உதவி எண்: 1915
சைபர் நிதி மோசடிப் புகார்: 1930